பால் சங்கத்து மேசையில் மூன்று சீரியல் இணைப்புகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு பால் சங்கம். காலையும் மாலையும் பால் எடுக்கிறார்கள். மேசையில் ஓர் எடை மெஷின், பக்கத்தில் பாலின் கொழுப்பும் எஸ்என்எஃபும் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) காட்டும் அனலைசர், சுவருக்கு அப்பால் அலுவலக அறையில் பில் போடும் கணினி. இரண்டு கருவிகளும் தரும் எண்களைச் சேர்த்துக் கணினிக்கு அனுப்ப நடுவில் ஓர் ஆர்டுயினோ நானோ, அதாவது நிரல் ஏற்றி ஓட்டும் சிறிய மின்னணு போர்டு. இணைப்புகள் எல்லாம் சீரியல், பிட்கள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் முறை. ஒவ்வொரு கருவியும் தனியாக நன்றாகவே வேலை செய்தது. இணைத்த பிறகுதான் தொல்லை.

சங்கச் செயலாளர் சொன்ன புகார் இது: "சிலருக்கு எடை சுத்தமா வருதுங்க. சிலருக்குக் கோழி கிறுக்கின மாதிரி வருது. அனலைசர்ல ஃபேட் வந்தாலும் கம்ப்யூட்டர்ல ஏறமாட்டேங்குது, ரெண்டு மூணு தடவை அமுக்க வேண்டியிருக்கு." காலையில் பில் மென்பொருளைத் திறந்ததும் முதல் ஆளின் பதிவு காணாமல் போகும். கூலர் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது இணைப்பே அறுந்துவிடும். மேசை டிராயரில் ஏற்கெனவே செத்துப்போன ஒரு நானோவும் கிடந்தது.

இவை ஒரே கோளாறின் பல முகங்கள் அல்ல. ஐந்து தனித்தனித் தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அதனால் ஒன்றைச் சரிசெய்து பார்த்தபோதெல்லாம் 'இதுவும் இல்லை' என்று அந்தத் திருத்தத்தையே கழற்றிவிட்டு வேறொன்றை மாற்றியிருக்கிறார்கள்.

பெயரைப் பார்க்காமல் வோல்ட்டைப் பார்த்தல்

சீரியல் இணைப்பில் பின்னின் மேல் எழுதியிருக்கும் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) என்ற பெயரை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது யாருடைய பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் என்பது தெரியாது. இவ்வகை இணைப்புக்கான ஆர்எஸ்-232 தரத்தில் கணினி போன்ற முனையக் கருவி ஒரு வகை, மோடம் போன்ற தொடர்புக் கருவி இன்னொரு வகை. தரத்தின்படி பின்களின் பெயர் கணினியின் பார்வையில் வைக்கப்பட்டது. எனவே மோடம் வகைக் கருவியில் 'டிஎக்ஸ்' என்ற பின் உண்மையில் உள்ளே வாங்கும் பின். இதோடு, பழைய 25 பின் இணைப்பியில் கணினி அனுப்புவது பின் 2, வாங்குவது பின் 3, கிரவுண்ட் பின் 7. 1984இல் ஐபிஎம் பிசி ஏடி கொண்டுவந்த 9 பின் இணைப்பியில் அனுப்புவது 3, வாங்குவது 2, கிரவுண்ட் 5. எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களும் இதில் இடறுவார்கள்.

மல்டிமீட்டர் இடறாது. எதையும் இணைக்காமல், கருவிக்கு கரண்ட் மட்டும் கொடுத்து, டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பின் 5இலும் சிவப்பு முனையை முதலில் 2இலும் பிறகு 3இலும் வைத்தால் போதும். ஆர்எஸ்-232இல் சும்மா இருக்கும் அனுப்பும் கம்பி எப்போதும் மைனஸில் நிற்கும், −5 முதல் −15 வரை. வாங்கும் பின் உள்ளே சுமார் 5 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருப்பதால் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். மைனஸ் காட்டுகிற பின் அனுப்புகிற பின். இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

இங்கே கிடைத்த அளவுகள்: கணினியில் பின் 3 −10.8 வோல்ட். எடை மெஷினில் பின் 2 −8.1. அனலைசரில் பின் 3 −5.6. மீதிப் பின்கள் எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அதாவது எடை மெஷின் மோடம் வகையாகவும், அனலைசர் கணினி வகையாகவும் கம்பி கட்டப்பட்டவை. இரண்டிலும் வெளியே தெரிவது ஒரே மாதிரியான 9 பின் சாக்கெட். இரண்டுக்கும் வாங்கியது ஒரே மாதிரியான நேர் கேபிள், ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் அதே எண்ணுள்ள பின்னுக்குப் போவது.

நானோவுக்கும் கருவிகளுக்கும் நடுவில், ஆர்எஸ்-232 வோல்ட்டையும் போர்டின் 5 வோல்ட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றும் இரண்டு சிறிய மேக்ஸ்3232 மாட்யூல்கள் இருந்தன. இவ்வகை மாட்யூலில் உள்ள 9 பின் பெண் இணைப்பி பெரும்பாலும் கணினியில் நேராகச் செருகுவதற்காக, பின் 2இல் அனுப்பும்படி செய்யப்பட்டிருக்கும். எனவே அனலைசருக்கு நேர் கேபிள் பொருந்தியது. எடை மெஷினோ பின் 2இல் அனுப்புகிறது, மாட்யூலும் பின் 2இல் அனுப்புகிறது. அனுப்பும் இரண்டு முனைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஆர்எஸ்-232 டிரைவர்கள் ஷார்ட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்பதால் அங்கே எதுவும் புகையவில்லை, ஒன்றும் வரவும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் முதல் போர்டைக் கொன்றது. 'டிஎக்ஸும் ஆர்எக்ஸும் மாறிக் கிடக்கிறது' என்று சரியாகவே ஊகித்து, தவறான பக்கத்தில் மாற்றியிருக்கிறார்கள். மாட்யூலுக்கும் நானோவுக்கும் இடையிலுள்ள 5 வோல்ட் கம்பிகளை மாற்றிப் போட்டால், மாட்யூலின் வெளியீடு நானோவின் வெளியீட்டோடு மோதும். குறுக்கு மாற்றம் 9 பின் பக்கத்தில் நடக்க வேண்டும். அதுவும் பலிக்காமல் கடைசியில் மாட்யூலையே விலக்கிவிட்டு மெஷினின் கம்பியை நேராக நானோவின் வாங்கும் பின்னான டி0இல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நானோவிலுள்ள ஏடிமெகா328பி சிப்பின் எந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்குக் கீழே அரை வோல்ட் வரைதான் பொறுமை. −8 வோல்ட் வந்தால் உள்ளே இருக்கும் காப்பு டையோடு வழியாக மின்னோட்டம் பாயும். உடனே சாகாது என்பதுதான் இதில் ஆபத்து. சில நாள் ஓடிவிட்டுப் பிறகு அந்தப் பின் மட்டும் செவிடாகும். அதற்குள் காரணம் மறந்திருக்கும்.

எதிர்த் திசையில் இன்னொரு ஏமாற்று உண்டு. போர்டின் 5 வோல்ட் வெளியீட்டை நேராகக் கணினியின் பின் 2இல் கொடுத்தால் பல கணினிகள் எதையோ வாங்கிக்கொள்ளும். ரிசீவர் மாறும் எல்லை பெரும்பாலும் 1 முதல் 2 வோல்ட்டுக்குள் இருப்பதே காரணம். ஆனால் போர்டின் 5 வோல்ட் முறையான டிடிஎல்லில் 1 என்பது 5 வோல்ட், ஆர்எஸ்-232இல் 1 என்பது மைனஸ் வோல்ட். எல்லா பிட்டும் தலைகீழாகப் போகும், திரையில் குப்பை வரும். 'ஏதோ வருகிறது, வேகம்தான் தப்பு' என்று போட் ரேட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் நாள் முழுக்க மாட்டிக்கொள்வார்கள். மேக்ஸ்232 வகைச் சிப் வோல்ட்டை மட்டும் மாற்றுவதில்லை, தலைகீழையும் நிமிர்த்துகிறது.

மாட்யூலின் 5 வோல்ட் பக்கத்திலும் பெயரை நம்ப வேண்டாம். 'டிஎக்ஸ்டி' என்று எழுதியிருப்பது சில மாட்யூல்களில் 'போர்டின் டிஎக்ஸை இங்கே கொடு' என்பதாகவும், சிலவற்றில் 'இது என் வெளியீடு' என்பதாகவும் இருக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் பிடித்தபடி அளந்தால் உடைந்துவிடும் ரகசியம்: அப்படியே 5 வோல்ட்டில் நின்றால் வெளியீடு, பூஜ்யத்துக்கு விழுந்தால் உள்ளீடு.

பாதி எண்கள் மட்டும் கிறுக்கலாக வந்த காரணம்

பிறகு யாரோ 2ஐயும் 3ஐயும் மாற்றிக் கொடுக்கும் ஒரு குறுக்கு அடாப்டரை எடை மெஷின் கேபிளில் செருகியிருக்கிறார்கள். எடை வரத் தொடங்கியது. கூடவே அந்தக் கோழிக் கிறுக்கலும்.

5.60 கிலோ கொண்டுவந்தவருக்கு 5.60 என்றே விழுந்தது. 9.35 சரி. 12.40 வந்தபோது திரையில் ±².´0 என்று விழுந்தது. 8.50 என்பது ¸.50 ஆனது. கிலோவைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் எப்போதுமே தலையில் இரட்டைப் புள்ளியும் காலில் கொக்கியும் வைத்த அயல் எழுத்துகளாக வந்தன. கேபிளில் லூஸ் கனெக்‌ஷன் என்றும், கூலரின் இரைச்சல் என்றும் முடிவு கட்டி ஷீல்டு கேபிள் வாங்கிப் போட்டிருந்தார்கள். இரைச்சல் என்றால் 5.60இலும் ஒரு நாளாவது கிறுக்கல் விழுந்திருக்க வேண்டும். விழவே இல்லை. எந்த இலக்கம் கெடுகிறது என்று எழுதி வைத்துப் பார்த்தால் 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி, 1, 2, 4, 7, 8 எப்போதும் தவறு.

இந்தப் பிரிவினை 7 பிட், இரட்டைப் பேரிட்டியின் கையெழுத்து. எடை மெஷின் ஒவ்வோர் எழுத்தையும் 7 பிட்டாக அனுப்பி, மொத்த 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி எட்டாவதாக ஒரு பேரிட்டி பிட்டைச் சேர்க்கிறது. '5' என்ற எழுத்துக்குறியில் நான்கு 1கள் உள்ளன. பேரிட்டி பிட் 0. எனவே 8 பிட், பேரிட்டி இல்லை என்று வாங்குபவருக்கும் அது '5'ஆகவே தெரியும். '1'இல் மூன்று 1கள். பேரிட்டி பிட் 1 ஆகிறது, வாங்குபவருக்கு அது 128 கூடிய வேறோர் எழுத்து. இரண்டு முறையிலும் தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து மொத்தம் 10 பிட்தான் என்பதால் பிழை என்று எந்தக் கொடியும் உயராது. வேகமும் சரி, கம்பியும் சரி, பாதி எண்கள் மட்டும் தப்பு.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இன்னும் மோசம். இடைவெளிக்குரிய எழுத்துக்குறியில் ஒரே ஒரு 1. அதுவும் 128 கூடி, திரையில் வெற்றிடமாகவே தெரியும் வேறு குறியாகிவிடும். எண்ணைப் பிரிக்கும் நிரலுக்கு அது இடைவெளி அல்ல. வரி முடிவில் வரும் இரண்டு குறிகளில் முதலாவதும் இதே போலக் கெடும், இரண்டாவது கெடாது. முதலாவதை எதிர்பார்த்து எழுதிய நிரலாக இருந்திருந்தால் ஒன்றுமே வந்திருக்காது.

தீர்வு எளிது. சிப்பிலேயே உள்ள ஹார்டுவேர் சீரியலில் தொடக்கக் கட்டளையின் வேகத்துக்கு அடுத்து 7இ1 (7 பிட், இரட்டைப் பேரிட்டி, 1 நிறுத்த பிட்) அமைப்பைக் கொடுக்கலாம். ஆனால் அந்த நானோவில் எடை மெஷின், சாதாரணப் பின்னையே நிரலால் சீரியலாக்கும் சாஃப்ட்வேர் சீரியல் நூலகத்தில் இருந்தது, அந்த நூலகத்துக்கு 8 பிட், பேரிட்டி இல்லாத ஒரே அமைப்புதான் தெரியும். வந்த ஒவ்வொரு பைட்டிலும் மேல் பிட்டை நீக்கினால் (127உடன் 'அண்ட்' செய்தால்) எண்கள் சரியாகும், பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் போய்விடும். பணம் கணக்காகும் இடத்தில் அந்த வசதியை விட்டுக்கொடுப்பது சரியல்ல.

அதே நூலகம்தான் அனலைசர் புகாருக்கும் காரணம். ஏடிமெகா328பி சிப்பில் உண்மையான சீரியல் ஒன்றே ஒன்று. அதை யூஎஸ்பி எடுத்துக்கொண்டது. எடைக்கும் அனலைசருக்கும் இரண்டு சாஃப்ட்வேர் சீரியல்கள். அவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் காது கொடுக்கும். எடை மெஷின் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ரகம், அனலைசர் ஒரு முறை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் ரகம். போர்டு எடையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஃபேட் வந்து போய்விட்டது. நிரலை எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் இந்தச் சிப்பில் இதற்கு நிம்மதி இல்லை. போர்டை மாற்றுவதே வழி.

முதல் பதிவு காணாமல் போனதற்கு டிடிஆர், அதாவது கணினி 'நான் தயார்' என்று சொல்லும் கம்பி, காரணம். நானோவில் யூஎஸ்பி சிப்பின் டிடிஆர் கம்பி 100 நானோ ஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்குப் போகிறது. நிரல் ஏற்றும்போது வசதி. பில் மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போதும் அதே கம்பி இழுபடும், போர்டு மறுபடி தொடங்கும், புது நிரல் வருமா என்று பூட்லோடர் காத்திருக்கும் நேரத்தில் வந்த எடை தொலையும். ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோ ஃபாரட் வைத்தால் நிற்கும். நிரல் ஏற்றும்போது மட்டும் கழற்ற வேண்டும்.

எர்த்

கம்பிகளைத் தொடுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டியது இது. எடை மெஷினின் கிரவுண்டுக்கும் கணினிப் பெட்டியின் உலோகத்துக்கும் நடுவே, எதையும் இணைக்காமல் ஏசி வோல்ட்டில் அளந்தபோது 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அலுவலக அறை சாக்கெட்டில் எர்த் கம்பி கழன்று கிடந்தது. எர்த் இல்லாவிட்டால் கணினி பவர் சப்ளையின் உள்ளேயுள்ள வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் பெட்டியை மின்வழங்கலின் பாதி வோல்ட்டில், அதாவது 115 பக்கத்தில் மிதக்க விடும். ஓட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், கையில் சுருக்கென்று ஒரு கூச்சம். சிப்பின் பின்னுக்கு அது கூச்சமல்ல. தனிக் கம்பிகளாக இணைக்கும்போது கிரவுண்டைக் கடைசியில் செருகினால் அந்த மிதப்பு முழுவதும் சிக்னல் கம்பி வழியாகத்தான் இறங்கும். கிரவுண்ட் முதலில் இணைய வேண்டும், கடைசியில் பிரிய வேண்டும்.

எர்த்தைச் சரிசெய்தபின் அது சில வோல்ட்டுக்குள் அடங்கியது. ஆனாலும் கூலர் கம்ப்ரசர் ஒரு பக்கம், கணினி வேறு அறையில் வேறு லைனில் இருக்கும்போது கிரவுண்டுகளை நேராகக் கட்டுவது நல்லதல்ல. துலா (ஐப்பசி) மாதத்து மழையில் மதியத்துக்கு மேல் இடி விழாத நாள் குறைவான இந்தப் பக்கத்தில் இன்னும் நல்லதல்ல. கம்ப்ரசர் உதைக்கும்போது யூஎஸ்பி அறுந்ததும் இதன் தொடர்ச்சியே. யூஎஸ்பி ஒரு முறை இடறினால் கணினி அந்தக் கருவியையே மறந்துவிடும். வேறு சாக்கெட்டில் செருகினால் நானோவின் யூஎஸ்பி சிப்பான சிஎச்340க்குப் புதிய போர்ட் எண் விழும், பில் மென்பொருள் பழைய எண்ணையே தேடும். கணினியின் பின்புறம் யாரும் தொடாத 9 பின் போர்ட் ஒன்று சும்மா இருந்தது. அதற்குத்தான் மாற்றினோம்.

மாற்றிக் கட்டியது

போர்டு ஆர்டுயினோ மெகா 2560. இதில் ஹார்டுவேர் சீரியல் நான்கு. யூஎஸ்பிக்கு உரியதை நிரல் ஏற்ற மட்டும் விட்டுவிட்டு, எடைக்குச் சீரியல்1 (அனுப்புவது 18, வாங்குவது 19), அனலைசருக்குச் சீரியல்2 (வாங்குவது 17 மட்டும் போதும்), கணினிக்குச் சீரியல்3 (அனுப்புவது 14, வாங்குவது 15). எடைக்கு 9600, 7இ1. மற்ற இரண்டுக்கும் 9600, 8 பிட், பேரிட்டி இல்லை. 16 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 9600க்கு வேகப் பிழை 0.2 சதவீதம்தான். 115200 வைத்தால் 2.1 சதவீதம் ஆகும். பால் எடைக்கு அந்த வேகம் எதற்கு?

வோல்ட் மாற்ற மேக்ஸ்232 டிஐபி சிப் இரண்டு, சாக்கெட்டோடு. முதலாவதில் எடை மெஷினின் பின் 2 சிப்பின் 13இல் நுழைந்து 12இல் வெளிவந்து மெகாவின் 19க்கு. அனலைசரின் பின் 3 சிப்பின் 8இல் நுழைந்து 9இல் வெளிவந்து 17க்கு. எடையைப் பூஜ்யமாக்கும் டேர் கட்டளைக்காக மெகாவின் 18 சிப்பின் 11இல் நுழைந்து 14இல் வெளிவந்து எடை மெஷினின் பின் 3க்கு. சிப்பில் 16 பின் 5 வோல்ட், 15 கிரவுண்ட். குறுக்கு அடாப்டர் எதுவும் இல்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது கேபிளின் சால்டரிலேயே முடிந்துவிட்டது.

சிப் ஒன்றுக்கு 1 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஐந்து. பிளஸ் முனை 1, மைனஸ் 3. பிளஸ் 4, மைனஸ் 5. பிளஸ் 2, மைனஸ் 16. ஐந்தாவது 16க்கும் 15க்கும் குறுக்கே. மிச்சமிருக்கும் நான்காவதில்தான் பலரும் தவறுவார்கள்: பின் 6 மைனஸ் வோல்ட் தரும் பின், எனவே கப்பாசிட்டரின் மைனஸ் முனை 6இல், பிளஸ் முனை கிரவுண்டில். கரண்ட் கொடுத்ததும் பின் 2இல் +8 முதல் +10, பின் 6இல் −8 முதல் −10 இருக்க வேண்டும். பின் 6 பூஜ்யத்தில் நின்றாலோ சிப் விரல் வைக்க முடியாமல் சுட்டாலோ கப்பாசிட்டர் திரும்பியிருக்கிறது. பெயரின் கடைசியில் 'ஏ' உள்ள மேக்ஸ்232ஏ என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட் போதும். 'ஏ' இல்லாததில் 0.1 வைத்தால் வோல்ட் ஏறாமல் தடுமாறும்.

இரண்டாவது சிப் முழுக்கக் கணினிப் பக்கத்தது. அதற்கும் மெகாவுக்கும் நடுவே ஏடியூஎம்1201, நேர் மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தித் தனிமைப்படுத்தும் சிப். அதன் இருபுறமும் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒவ்வொன்று. கணினிப் பக்கத்துக்குக் கரண்ட் 5 வோல்ட்டைத் தனிமைப்படுத்தித் தரும் பி0505எஸ் என்ற 1 வாட் மாற்றியிலிருந்து. இந்த மாற்றிக்குச் சுமை குறைந்தால் வோல்ட் 5க்கு மேல் ஏறிவிடும். மேக்ஸ்232 தாங்கும் உச்சம் 6 வோல்ட். எனவே வெளியீட்டில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறுக்கே. அது எடுக்கும் 15 மில்லி ஆம்பியரும் சிப்பின் தேவையும் சேர்ந்து மாற்றிக்குப் போதிய சுமையாகும். தனிமைப்படுத்திய பின் இரண்டு பக்கத்து கிரவுண்டுகளும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே உலோகப் பெட்டியில் ஸ்குரு போட்டு முடுக்கினால் செய்த வேலை அத்தனையும் வீண். பெட்டி பிளாஸ்டிக்.

கணினிக்குப் போவது மூன்று கம்பி ஷீல்டு கேபிள். ஷீல்டு கணினி முனையில் மட்டும் இணைப்பியின் உலோக ஓட்டில் சால்டர் செய்யப்பட்டது, போர்டு முனையில் வெட்டி டேப் சுற்றியது. கணினி முனையில் 7உம் 8உம் ஒன்றாக, 1, 4, 6 மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டன. சில பில் மென்பொருள்கள் எதிர்முனை தயார் என்ற சிக்னல் வராமல் ஒரு பைட்டும் அனுப்பாது, அவற்றுக்காக.

சோதித்த வரிசையும் முக்கியம். போர்டை இணைக்குமுன் கேபிளின் போர்டு முனையில் 2ஐயும் 3ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கண்ட்ரோலை அணைத்துத் தட்டச்சு செய்தால் எழுத்துகள் திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நிற்க வேண்டும். எடுத்த பிறகும் வந்தால் அது தட்டியதை மென்பொருளே திரையில் காட்டும் லோக்கல் எக்கோ, கேபிளைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்து போர்டு. அதன்பின் எடை மெஷினில் தெரிந்த எடைக்கல்லை வைத்து, பத்து இலக்கங்களும் ஒரு முறையாவது வரும்படி எடைகளை மாற்றிப் பார்த்தோம். 5 கிலோ கல் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் பழைய அமைப்பும் தேறியிருக்கும்.

பெட்டி மூடியின் உள்பக்கம் மூன்று இணைப்பிகளின் அளவுகளையும் எழுதி ஒட்டியாகிவிட்டது: எந்தப் பின்னில் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், எந்த வேகம், எத்தனை பிட். எழுத்து தமிழிலும் மலையாளத்திலும். மேக்ஸ்232 ஒன்று கூடுதலாகப் பெட்டிக்குள்ளேயே. இடி நேரத்தில் கணினிக் கேபிளைக் கழற்றி வைப்பது சங்கத்தில் பால் எடுப்பவரின் வேலையாகியிருக்கிறது. ஏடியூஎம் சிப் சில ஆயிரம் வோல்ட் வரை தாங்கினாலும் பி0505எஸ் 1000 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம், இடி அதற்குள் அடங்காது.